கதை முதலில், ஆண்டு பிறகு

பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகம் முதல் உலகப்போரில் தொடங்குகிறது. சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுடுகிறார்கள்; சில வாரங்களில் ஐரோப்பா பற்றி எரிகிறது. சென்னைக்கு வடக்கே, காட்டுப்பள்ளியில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்கு அது யார் வீட்டுச் சண்டையோ. ஆனால் அதே போர் தொடங்கி இரண்டு மாதம் முடிவதற்குள், 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்தன. சில உயிர்கள் போயின. பயந்துபோன சனம் மூட்டை கட்டிக்கொண்டு பட்டணத்தை விட்டுக் கிளம்பியது. உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் அதற்கு இன்றும் ஒரு கல் பதித்திருக்கிறார்கள்.

மாடியிலிருந்து தெற்கே கையை நீட்டி, “இந்தக் கரையோடயே போனா வர்ற துறைமுகம்தான்” என்று சொன்னால் போதும், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். நவீன வரலாறு எங்கோ, யாருக்கோ நடந்தது என்ற எண்ணத்தைப் போக்குவது என் வேலையில் பாதி. நடந்தபோது அங்கே நின்றவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைக்க வைப்பது மறுபாதி. முதல் பாதிக்கு இந்த ஊரே போதும். இரண்டாம் பாதிக்கு நாவல் வேண்டும்.

என் கணவருக்குத் துறைமுக வேலை. தூத்துக்குடி, கிருஷ்ணப்பட்டினம், பிறகு காட்டுப்பள்ளி என்று வேலை இழுத்த பக்கமெல்லாம் குடும்பமும் போயிற்று. ஓர் ஊரில் பள்ளியில் தமிழ், அடுத்த ஊரில் தெலுங்கு, பாதி ஆண்டில் இட மாற்றம் என்று அலைந்ததில் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைப்பது என்று முடிவெடுத்தோம். இங்கே வந்தபின் எங்களைப் போலவே ஊர் ஊராகச் சுற்றிய இன்னும் சில குடும்பங்கள் சேர்ந்துகொண்டன. ஒரு வீட்டில் கணக்கு, ஒரு வீட்டில் அறிவியல், என் வீட்டில் தமிழும் வரலாறும். தேர்வு விஷயத்தில் எங்களுக்குப் பெரிய குழப்பம் இல்லை. பன்னிரண்டரை வயது நிறைந்தால் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். பதினான்கு வயதில் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வு இருக்கிறது. பாடத்திட்டம் கையில் இருக்கிறது, நேரம் நிறைய இருக்கிறது. அந்த நேரத்தில்தான் நாவல்கள் உள்ளே வந்தன.

என் முறை எளிது. கதையை முதலில் வாசிப்போம். ஆண்டையும் சட்டத்தையும் பெயர்களையும் பிறகு படிப்போம். ஒரு நாவலில் ஒருவனோடு நூறு பக்கம் நடந்துவிட்ட பிள்ளைக்கு, அவன் எந்த ஆண்டில் நடந்தான் என்று தெரிந்துகொள்ளத் தானாகவே ஆசை வரும். ஆண்டை முதலில் கொடுத்தால் அது மனப்பாடம். கதைக்குப் பிறகு கொடுத்தால் அது பதில்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அதை முதலில் காட்டிக்கொடுத்ததும் எம்டன்தான். அந்தப் பாடம் முடிந்த மறுநாள் ஒரு பையன் வந்து, “ஆன்ட்டி, எம்டன் கப்பல்ல நம்ம செண்பகராமன் பிள்ளை இருந்தாராமே, தாத்தா சொன்னாங்க” என்றான். தமிழ்நாட்டில் இதைக் கேட்காத காது இல்லை. மேடையில் சொல்கிறார்கள், கட்டுரையில் எழுதுகிறார்கள். ஆனால் செண்பகராமன் பிள்ளை அந்த ஆண்டில் சுவிட்சர்லாந்திலும் பிறகு பெர்லினிலும் இருந்து இந்திய விடுதலைக்காக வேலை செய்ததற்குத்தான் ஆவணம் உண்டு. எம்டனில் வந்ததற்கு இல்லை. இதைச் சொன்னதும் பையனுக்கு முகம் வாடிவிட்டது. அவர் பெர்லினில் செய்தது கப்பலில் வந்ததைவிடச் சின்ன வேலை அல்ல என்று எடுத்துச் சொல்லித்தான் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

அன்று எனக்கு ஒன்று பிடிபட்டது. நாவல் தன்னைக் கதை என்று அட்டையிலேயே சொல்லிக்கொள்கிறது. மேடைப் பெருமை அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. பிள்ளைகள் ஏமாறுவது இரண்டாவதில்தான். நாவலைச் சந்தேகப்பட்டுப் பழகியவர்கள் மேடையையும் சந்தேகப்படுவார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் நீள நோட்டு ஒன்று வாங்கி, மூன்றாகக் கோடு போடச் சொன்னேன்: நடந்தது, கட்டியது, தேடணும். வாசிக்கும்போதே மூன்றையும் நிரப்ப வேண்டும். மூன்றாவது கட்டம்தான் எனக்கு முக்கியம். எந்தப் பிள்ளை வரலாற்றில் தேறும் என்பதை அந்தக் கட்டத்தின் நீளத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

பெரிய பிள்ளைகளோடு வாசித்ததில் அதிக நாள் எங்களைப் பிடித்து வைத்தது ஜெயமோகனின் ‘வெள்ளை யானை’. 2013-இல் வந்த நாவல். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த பெரும்பஞ்சம், சென்னையின் ஐஸ் ஹவுஸ், அங்கே பனிக்கட்டி சுமந்த தொழிலாளர்கள், அவர்களுக்கு நடுவே ஏய்டன் என்ற அயர்லாந்துக்காரப் போலீஸ் அதிகாரி. பதினைந்து வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்கு நான் இதைக் கொடுப்பதில்லை. பஞ்சத்தை அது காட்டுகிற விதம் கடுமையானது, காட்டவும் வேண்டியதுதான்.

நோட்டில் முதல் கட்டம் வேகமாக நிரம்பியது. பாஸ்டனிலிருந்து கப்பலில் பனிக்கட்டி வந்தது உண்மை. ஃபிரடெரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரி அனுப்பினார். அதைச் சேமிக்க 1842-இல் கட்டிய கட்டடம்தான் இன்று மெரினாவில் விவேகானந்தர் இல்லம். பிள்ளைகள் அதன் வாசலில் ஐஸ்கிரீம் சாப்பிட்டிருக்கிறார்கள். ஏய்டன் இரண்டாம் கட்டத்துக்குப் போனான். தொழிலாளர்களைத் திரட்டுகிற காத்தவராயன் எந்தக் கட்டம் என்பதில் பெரிய வாக்குவாதம். அயோத்திதாசப் பண்டிதரின் இயற்பெயர் காத்தவராயன் என்று ஒருத்தி எங்கிருந்தோ கண்டுபிடித்து வந்தாள். அப்படியானால் பாதி நடந்தது, பாதி கட்டியது. கோட்டின் மேலேயே எழுதினாள். நாவலின் நடுவில் இருக்கிற அந்த வேலைநிறுத்தத்தை எல்லாருமே ‘தேடணும்’ கட்டத்தில்தான் எழுதினார்கள். அங்கேயே விட்டுவைத்திருக்கிறேன். பதினைந்து வயதில் ஒரு கேள்வியைத் திறந்தே வைத்திருக்கப் பழகுவது நல்லது.

பஞ்சத்துக்கு வந்தபோது வாசிப்பை நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போனோம். பஞ்சத்தைக் கவனிக்க இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள். 1874-இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி இறக்குமதி செய்து உயிர்களைக் காப்பாற்றியவர் அவர்தான். அதிகமாகச் செலவழித்துவிட்டார் என்று அன்றைக்கு அவரைத் திட்டினார்கள். இங்கே வந்தபோது அதே மனிதர் கையை இறுக்கிக்கொண்டார். நாள் முழுதும் நிழலில்லாமல் மண் வெட்டும் ஆணுக்குக் கூலி ஒரு பவுண்டு தானியம், அதாவது ஏறக்குறைய 450 கிராம், அதோடு ஓர் அணா. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு.

தராசில் 450 கிராம் புழுங்கலரிசி நிறுத்து, ஒரு தாம்பாளத்தில் கொட்டினேன். பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். “நிறைய இருக்கே ஆன்ட்டி” என்றாள் ஒருத்தி. உண்மைதான், தாம்பாளத்தில் பார்த்தால் நிறையத்தான் தெரியும். கணக்குப் போடச் சொன்னேன். நூறு கிராம் அரிசி சுமார் 350 கலோரி என்றால் மொத்தம் ஆயிரத்து ஐந்நூறு சொச்சம். காலை முதல் மாலைவரை மண் வெட்டுகிறவருக்கு ஏறத்தாழ அதைப்போல இரு மடங்கு வேண்டும். பருப்பு இல்லை, காய் இல்லை, எண்ணெய் இல்லை. பஞ்ச விலையில் ஓர் அணாவுக்கு என்ன கிடைக்கும்? கிரேன் ஆபரேட்டரின் மகன் கொஞ்ச நேரம் தாம்பாளத்தையே பார்த்துவிட்டு, “எங்கப்பாவுக்கு இது பத்தாது. அவர் உட்கார்ந்துகிட்டுதான் வேலை பார்க்கிறார்” என்றான்.

பிறகுதான் கார்னிஷ் பெயரைச் சொன்னேன். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர். ஒன்றரைப் பவுண்டு தானியமும் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று டெம்பிளோடு எழுத்தில் மல்லுக்கு நின்றவர். பின்னால் கூலி ஒன்றேகால் பவுண்டாகவும் கொஞ்சம் பருப்பாகவும் உயர்ந்தது. இரண்டு வெள்ளைக்கார அதிகாரிகள் 230 கிராம் தானியத்துக்காகச் சண்டை போட்டார்கள், அந்த 230 கிராமில் இருந்தது எத்தனையோ பேரின் உயிர். கார்னிஷ் பெயரை எந்தப் பிள்ளைக்கும் நான் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. யாரும் மறக்கவும் இல்லை.

பக்கிங்காம் கால்வாயைப் பார்க்கப் போனபோது ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருந்தது. நாவலைப் படித்த வேகத்தில், எங்கள் ஊரை நிலத்திலிருந்து பிரிக்கிற இந்தக் கால்வாயையும் பஞ்சத்தில் வெட்டினார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். இது அதற்கும் மூத்தது. 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையில் தனியார் வெட்டத் தொடங்கி, பிறகு பழவேற்காடு வரை நீண்டது. கொக்ரேன் கால்வாய் என்று பெயர். பஞ்ச காலத்தில் வெட்டியது கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற எட்டு கிலோமீட்டர். 1878-இல் அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை முழுக் கால்வாய்க்கும் வைத்தார்கள். சென்னைக்குப் போகும்போது பறக்கும் ரயிலில் ஏறி மயிலாப்பூர்ப் பக்கம் கீழே பாருங்கள் என்றேன்; ரயிலின் தூண்கள் நிற்பதே அந்தக் கால்வாயில்தான். கூலிக்காரர்கள் மண் வெட்டிய இடம் அது.

அந்த நாவலில் எனக்கு ஒரு குறை உண்டு. நாவலின் கண் ஏய்டனின் கண். மண் வெட்டியவளின் கண் அல்ல. அது நாவலாசிரியர் தெரிந்தே எடுத்த முடிவாக இருக்கலாம். பிள்ளைகளுக்கு அது நல்ல வாய்ப்பு. கால்வாயில் வேலை செய்த ஒரு பெண்ணின் ஒரு நாளை எழுதுங்கள் என்றேன். நிபந்தனை ஒன்றுதான்: டெம்பிள் கூலியை மீறி ஒரு பருக்கைகூட அவள் கைக்கு வரக்கூடாது.

என் மகள் எழுதியதில் அந்தப் பெண் கூலித் தானியத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, தான் பட்டினியாக வீட்டுக்குப் போகிறாள். வேலைக்கு எடுக்க மறுத்துவிட்ட கிழட்டு மாமியாருக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டும். படித்துக் காட்டியதும் அந்தக் கிரேன் ஆபரேட்டர் மகன் கேட்டான்: “வேலை செய்ய முடியாதவங்களுக்கு எதுவுமே குடுக்கலியா? நிஜமாவா?” மகளுக்குப் பதில் தெரியவில்லை. தேடினோம். வேலை செய்ய முடியாத கிழவர்களுக்கும் நோயாளிகளுக்கும் இலவசக் கஞ்சி முகாம்கள் இருந்தன. ஆனால் முகாமில் போய் இருக்க வேண்டும், முகாமில் காலரா. மகள் கதையைத் திருத்தினாள். இப்போது மாமியார் முகாமுக்குப் போக மாட்டேன் என்று அடம் பிடிக்கிறாள், ஏனென்றால் போன வாரம் போன பக்கத்து வீட்டுக் கிழவி திரும்பவில்லை. முதலில் எழுதியதைவிட இது நல்ல கதை. தகவல் ஒன்று உள்ளே வந்தது கதையைக் கெடுக்கவில்லை, நிமிர்த்தியது. எனக்கு வரலாற்றுப் புனைவு என்றால் இதுதான்: சான்று இடிக்கிற இடத்தில் கதை வளைந்து கொடுத்து, வளைந்ததாலேயே ஆழமாவது.

சின்னப் பிள்ளைகளுக்கு உப்பிலிருந்து தொடங்குகிறேன். அத்திப்பட்டு, வல்லூர்ப் பக்கம் இன்னும் உப்பளங்கள் மிச்சமிருக்கின்றன. ஒரு காலத்தில் இங்கிருந்து உப்பு கால்வாய் வழியாகப் படகில் பட்டணம் போனது. கோடை ஏறுவதற்கு முன் அழைத்துப் போவேன். பாத்தியில் தேங்கின தண்ணீர் காலையில் ஒரு நிறம், வெயில் ஏறினதும் வேறு நிறம். வரப்பில் செருப்பில்லாமல் கொஞ்ச தூரம் நடக்கச் சொல்வேன். காலில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் போதும், உப்பு என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ நாவலிலிருந்து சில பகுதிகளை வாசித்துக் காட்டுவேன். தூத்துக்குடிக்கே போய் உப்பளத் தொழிலாளிகளோடு பேசி, பார்த்து, 1979-இல் அவர் எழுதியது. 

இதோடுதான் 1930 வருகிறது. ராஜாஜி ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியிலிருந்து கிட்டத்தட்ட நூறு தொண்டர்களோடு நடக்கத் தொடங்கி, தஞ்சை மாவட்டம் வழியாக வேதாரண்யம் சேர்ந்து உப்பெடுத்தார். அந்த ஊர்க்காரர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை பக்கபலமாக நின்றார். 1947-இல் உப்பு வரி போயிற்று. புத்தகம் அங்கே முடித்துக்கொள்கிறது. நாவல் அதற்கு முப்பது ஆண்டு கழித்து தூத்துக்குடிக் கடற்கரையில் தொடங்குகிறது. வரி போன பிறகும் உப்பளத்தில் நிற்கிறவளின் கால் அப்படியேதான் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் நான் கேள்வி கேட்க வேண்டியதில்லை. பத்து வயதுப் பிள்ளைகூடக் கேட்டுவிடும்: “அப்போ யாருக்குத்தான் ஜெயிச்சது?”

நாட்டுப் பிரிவினைக்கும் சமஸ்தான இணைப்புக்கும் அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’. செகந்திராபாத்தில் வளர்கிற சந்திரசேகரன் என்ற பையன், கிரிக்கெட், கல்லூரி, அவனைச் சுற்றி நிஜாம் ராஜ்யம் குலைவது. 1948 செப்டம்பரில் இந்தியப் படை உள்ளே போய் சில நாட்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது. பெரிய தலைவர்கள் யாரும் அந்த நாவலுக்குள் வந்து வசனம் பேசுவதில்லை. அதனால்தான் அது எனக்குப் பிடிக்கும். நேருவும் படேலும் கூடத்தில் உட்கார்ந்து பேசுகிற நாவல்களை நான் வகுப்புக்கு எடுப்பதில்லை. அங்கே எழுத்தாளர் கட்டிய வசனம் பிள்ளை மனசில் தலைவரின் வாக்காகவே தங்கிவிடுகிறது. சாதாரண ஆளின் கண் வழியாகப் பார்க்கிற நாவலில் அந்தத் தொல்லை குறைவு.

இந்த நாவலின் கடைசிப் பகுதியில், கலவரத்துக்கு நடுவில் ஒரு சிறுமி தன் குடும்பத்தைக் காப்பாற்ற எடுக்கிற முடிவு இருக்கிறது. பெரியவர்களுக்கே தாங்காத இடம். அதை வாசிப்பதற்கு முன் ஒவ்வொரு வீட்டுக்கும் போய் அம்மா அப்பாவிடம் சொல்வேன். அவர்கள் முதலில் படித்துவிட்டுத் தீர்மானிக்கட்டும். வேண்டாம் என்றால் அந்தப் பிள்ளைக்கு அடுத்த ஆண்டு. அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டுப் பாடம் நடத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. கலவரம் என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று அந்த நாவல் கடைசிவரை காத்திருந்து சொல்கிறது.

இரண்டாம் உலகப்போருக்கு ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. முழு நாவலையும் பிள்ளைகளால் ஏற முடியாது. மலாய்ச் சொல்லும் செட்டிமார் பேச்சும் சங்கப் பாட்டும் கலந்து ஓடுகிற நடை அது. ஜப்பானியப் படை மேடான் நகருக்குள் நுழைகிற தொடக்கப் பகுதியை மட்டும் சத்தம் போட்டு வாசிப்பேன். சிங்காரம் அந்தக் காலத்தில் அங்கேயே வேலை பார்த்தவர் என்பதைச் சொல்ல மறக்க மாட்டேன். வாசித்த பிறகு அத்தோ சாப்பிடப் போவோம். வடசென்னைக்காரர்களுக்கு அத்தோவை அறிமுகம் செய்ய வேண்டாம்: நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளி, கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள், பக்கத்தில் சூடாக வாழைத்தண்டு சூப். இது எப்படி இங்கே வந்தது என்று கேட்டால் பாடம் தொடங்கிவிடும். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்ததும் லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியே நடந்து வந்தார்கள். வழியில் இறந்தவர்கள் ஏராளம். திரும்பிப் போய் மறுபடி பிழைப்பைத் தொடங்கியவர்களை நே வின் ஆட்சி 1964-இல் கடைகளை அரசுடைமையாக்கி வெளியே தள்ளியது. கப்பல் கப்பலாகச் சென்னைக்கு வந்து இறங்கினார்கள். வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கத்திலும் குடியேறினார்கள். பாரிமுனைக்கருகே பர்மா பஜார் முளைத்தது.

தட்டு போடுகிற பெரியவர் ஒருநாள் பிள்ளைகளின் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், “கப்பல்ல ஏர்றப்போ என் அம்மா தோட்டைக்கூடக் கழட்டிக்கினாங்க கண்ணு” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அன்று இரவு நோட்டில் ஒரு பெண் எழுதியிருந்தாள்: ‘நடந்தது – தோடு.’

“கதைப் புத்தகம் படிச்சுப் பரீட்சை எழுத முடியுமா?” என்று கேட்காத உறவினர் இல்லை. முடிகிறது. தேர்வுக்கு மூன்று மாதம் முன்னதாகப் பாடநூலை எடுத்து வைத்துக்கொண்டு, வரி வரியாகப் படிக்கிறோம். தேதிகளுக்குத் தாள் ஒட்டுகிறோம். அதில் புதுமை ஒன்றும் இல்லை. வித்தியாசம், பிள்ளைகள் பாடநூலைப் பார்த்து எரிச்சலோடு கேட்கிற கேள்விகளில் இருக்கிறது. “பஞ்சத்துக்கு நாலு வரிதானா?” என்று கேட்கிற பிள்ளை அந்த நான்கு வரியை மறக்காது.

இத்தனை நாவல்களுக்குப் பிறகும் ஓர் இடம் காலியாகவே இருந்தது. இந்தத் தீவுக்கு நாவல் இல்லை. எண்ணூர் முகத்துவாரத்துக்கும் பழவேற்காட்டுக்கும் இடையில், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழியும். 1990-களில் வடசென்னை அனல் மின் நிலையம், 2001-இல் அதற்கு நிலக்கரி இறக்க எண்ணூர்த் துறைமுகம், 2010-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, பிறகு கப்பல் கட்டும் தளமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும். முப்பதே ஆண்டு. என் கணவரின் சம்பளமும் இந்தப் பட்டியலில் இருந்துதான் வருகிறது. இந்த மாற்றங்களுக்காகக் காட்டுப்பள்ளிக் குப்பத்து மக்கள் தங்கள் பழைய இடத்தை விட்டு நகர்ந்திருக்கிறார்கள். நவீன வரலாறு என்றால் இதுவும்தானே. எழுதிய புத்தகம் இல்லை என்பதால் பிள்ளைகளே எழுதட்டும் என்று விட்டேன்.

குப்பத்தில் ஒரு சிறுமி, அரசுப் பள்ளியில் படிக்கிறவள், விடுமுறை நாட்களில் எங்கள் வாசிப்புக்கு வருவாள். அவள் ஆயாவைத்தான் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். ஆயா நன்றாகப் பேசுவார். ஆனால் ஆண்டு சொல்லமாட்டார். எதைக் கேட்டாலும், “அது எம்சிஆரு செத்தாரே, அதுக்கு மறுவருசம்”, “சுனாமிக்கு முன்னே, இவ அம்மா கைக்கொழந்தையா இருந்தப்போ”, “அனல்காரங்க வந்து குச்சி நட்டாங்களே அப்போ” என்றுதான் வரும். முதலில் பிள்ளைகள் திணறினார்கள். பிறகு அதையே ஒரு காலண்டராக ஆக்கிக்கொண்டார்கள். நீளத் தாளில் கோடு இழுத்து, எம்.ஜி.ஆர். மறைந்த 1987 டிசம்பரையும் சுனாமி வந்த 2004 டிசம்பர் 26-ஐயும் ஆணி அடித்த மாதிரி குறித்து, ஆயா சொன்ன ஒவ்வொன்றையும் அதற்கு முன்னால், பின்னால் என்று ஒட்டிக்கொண்டே போனார்கள். ஆயாவின் இரண்டு நினைவுகள் ஒன்றோடொன்று இடித்தன: சுனாமிக்கு முன்னே கைக்குழந்தை என்று சொன்ன பேத்தியின் அம்மாவுக்கு, சுனாமியின்போது பத்து வயதாவது இருந்திருக்க வேண்டும். ஆயாவிடமே போய்க் கேட்டார்கள். ஆயா யோசித்துவிட்டு, “அப்போ அது சுனாமி இல்ல, அதுக்கு முன்னே ஒரு பெரிய புயல் வந்திச்சு, அது” என்றார். வயதானவரை மடக்குவது போலாகிவிடக் கூடாதே என்று எனக்குக் கவலை. ஆயாவுக்கோ சந்தோஷம், தன் பேச்சை இவ்வளவு உன்னிப்பாகக் கேட்கிறார்களே என்று அடுத்த நாளே வரச் சொன்னார்.

கம்ப்யூட்டரில் கூகுள் எர்த் திறந்து பழைய ஆண்டுகளின் படங்களைப் பின்னோக்கி நகர்த்திப் பார்த்தோம். இன்று கன்டெய்னர் அடுக்கியிருக்கிற இடத்தில் பழைய படத்தில் மணலும் சவுக்குத் தோப்பும். ஆயாவையும் கூட்டி வந்து காட்டினாள் பேத்தி. மேலிருந்து பார்த்த படம் ஆயாவுக்கு முதலில் பிடிபடவில்லை. கடல் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டார். பிறகு விரலை வைத்து, “இங்கதான் வலை காய வெப்போம்” என்று தொடங்கி, கோயில், கிணறு, மீன் கூடையோடு மீஞ்சூர் போகிற பாதை என்று விரல் நகர்ந்துகொண்டே போயிற்று. பிள்ளைகள் அந்தப் படத்தை அச்செடுத்து அதன் மேலேயே எழுதிக்கொண்டார்கள். எந்த ஆவணத்திலும் பார்க்க முடியாத வரைபடம் அது.

கதை இப்போது பாதியில் நிற்கிறது. கதையில் ஒரு சிறுமி, தீவை விட்டு வெளியே இருக்கிற பள்ளிக்குப் போகிறாள். அதுவரை எல்லாருக்கும் சம்மதம். எப்படிப் போனாள் என்பதில் சண்டை. ஆயா படகில் போனதாகச் சொல்கிறார். ஆயாவின் தம்பி, மழை இல்லாத மாதங்களில் கழியில் இறங்கி நடந்தே கடப்போம், தண்ணீர் முழங்காலுக்கு மேல் வராது என்கிறார். இரண்டும் சரியாக இருக்கலாம், மாதத்தைப் பொறுத்து. அப்படியானால் கதை எந்த மாதத்தில் நடக்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். என் மகன் ஐப்பசி வேண்டும் என்கிறான், அவனுக்குப் படகும் மழையும் வேண்டும். குப்பத்துச் சிறுமி ஒத்துக்கொள்ளவில்லை. ஐப்பசி அடைமழையில் எந்த அம்மாவும் பிள்ளையைப் படகில் ஏற்றி அனுப்பமாட்டாள் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆயாவையும் தம்பியையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்கப் போகிறார்கள்.